அணிலைக் காட்டினால் ‘உ’ என்கிறான்

வாசகர் கடிதம்:

அம்மா, வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் வேப்பனஹள்ளி பக்கம் எங்கள் ஊர். வீட்டில் தெலுங்குதான் பேசுவோம். நான் தமிழில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வீட்டுக்காரர் தக்காளி லோடு டெம்போ ஓட்டுகிறார். மகனை இந்த ஜூன் மாதம் ஊரிலேயே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்த்தோம். அப்போதுதான் ஐந்து வயது முடிந்திருந்தது. வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவன், வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று காலாண்டுத் தேர்வு முடிந்ததும் டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். எழுத்து அட்டையை வாங்கி வந்து வீட்டில் கேட்டுப் பார்த்தேன். அணில் படம் போட்ட ‘அ’வைக் காட்டினால் ‘உ’ என்கிறான். ‘ஆ’வுக்கு ‘மே’ என்கிறான். ‘இ’யைக் காட்டினால் ‘ஆ’. ‘உ’வுக்கு ‘ரோ’வாம். ஈ, எ, ஐ மூன்று மட்டும் எப்படியோ சரியாக வருகிறது. மறுநாள் கேட்டாலும் அதே தப்பு. ஒருநாள் கோபத்தில் அடித்துவிட்டேன். பலப்பத்தை ஒடித்து வீசிவிட்டு அவ்வாவிடம், அதாவது பாட்டியிடம், போய்ப் படுத்துக்கொண்டான். கொழுந்தனார் கிருஷ்ணகிரியில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கச் சொல்கிறார், வேன் ஊருக்கே வருகிறது. பக்கத்து வீட்டிலோ, முதலில் வீட்டில் தெலுங்கு பேசுவதை நிறுத்துங்கள் என்கிறார்கள். என் மாமியாருக்குத் தமிழே வராது. பையன் மந்தமா? நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் தப்பு என்று எழுதியிருந்த பதில்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டேன். அணிலுக்கு உ. ஆட்டுக்கு மே. இலைக்கு ஆ. உரலுக்கு ரோ. இப்போது அந்தப் படங்களை உங்கள் வீட்டுப் பேச்சில் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். அணில் உடுத. ஆடு மேக. இலை ஆக்கு. உரல் ரோலு. எப்படியோ சரியாக வருகிறது என்று சொன்னீர்களே, அந்த மூன்றையும் சொல்லுங்கள். ஈ உங்களுக்கு ஈக. எலி எலுக. ஐந்து ஐது.

உங்கள் பிள்ளை ஓரிடத்தில்கூடத் தப்பவில்லை அம்மா. படத்தைப் பார்க்கிறான். அதன் பெயரை மனசுக்குள் சொல்கிறான். அந்தப் பெயரின் முதல் ஒலியைத் தனியாகப் பிரித்தெடுத்து உங்களிடம் சொல்கிறான். ஒரு சொல்லில் முதலில் என்ன ஒலி கேட்கிறது என்று பிரித்துச் சொல்வதுதான் வாசிப்புக்கு அடிப்படை. இது வராமல் எத்தனையோ பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பு முழுக்கத் தடுமாறுவார்கள். ‘அ அணில், ஆ ஆடு’ என்று ராகம் போட்டுச் சொல்கிற பிள்ளையைக் கூப்பிட்டு, படத்தைக் கையால் மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் காட்டிக் கேளுங்கள். பாதிப் பேர் விழிப்பார்கள். உங்கள் மகன் பாட்டை ஒப்பிக்கவில்லை, யோசித்துப் பதில் சொல்கிறான். மறுநாளும் அதே பதில் வந்தது என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். குருட்டாம்போக்கில் சொல்கிற பிள்ளைக்கு இன்றைக்கு ஒன்று வரும், நாளைக்கு வேறொன்று வரும். அவனுக்கு நாள் தவறாமல் ஒரே பதில் வந்ததைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

ஆகவே மந்தமா என்ற கேள்வியை இந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வீட்டிலும் யாரும் அந்தச் சொல்லை அவன் காதுபடச் சொல்ல வேண்டாம்.

எழுத்து அட்டையை அச்சடிப்பவர்கள், அதைப் பார்க்கப்போகும் பிள்ளைக்கு அணில் என்ற சொல் முன்பே தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் அச்சடிக்கிறார்கள். திருச்சியிலோ மதுரையிலோ பெரும்பாலும் அது சரியாக இருக்கும். நம் மாவட்டத்தில் வேப்பனஹள்ளி, சூளகிரி, ஓசூர், தளி, கெலமங்கலம், அஞ்செட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்கு வீடு பேச்சு மாறுகிறது. கன்னடம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு இதே அட்டை இன்னொரு விதத்தில் குழப்பும். அவர்களுக்கு அணில் அளிலு, அதனால் ‘அ’ தானாக வந்துவிடும். ஆனால் இலை அவர்களுக்கு எலெ, எலி அவர்களுக்கு இலி. ‘இ’யும் ‘எ’யும் அப்படியே இடம் மாறிவிடும். அந்தப் பிள்ளைக்கும் எழுத்து குழம்புகிறது என்றுதான் ரிப்போர்ட் எழுதுவோம்.

நான் செய்த ஒரு தவறையும் உங்களிடம் சொல்ல வேண்டும். 1989இல் தளிப் பக்கம் ஒரு பள்ளியில் எனக்கு முதல் வேலை. கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, 2004இல்தான் பிரிந்தது. எல்லாமே தருமபுரி மாவட்டம். நான் தருமபுரிப் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பெண், தெலுங்கில் ஒரு சொல் தெரியாது. பாடம் முடிந்து, “எல்லாரும் புத்தகத்தை மூடுங்க” என்றேன். முன்வரிசையில் ஒரு பையன் புத்தகத்தைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு மூன்று விரலைக் காட்டினான். “மூடு” என்றேன் மறுபடி. இன்னும் உயர்த்திக் காட்டினான். கேலி செய்கிறான் என்று நினைத்து எழுப்பி, மணி அடிக்கும் வரை சுவரோரம் நிற்க வைத்தேன். நாலைந்து நாள் கழித்து மதியம் சத்துணவு நேரத்தில், சமையல் உதவியாளர் அம்மா தட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். “ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு…” கேட்டுக்கொண்டு நின்றவளுக்குக் கை கால் ஓடவில்லை. மூன்று காட்டச் சொன்னேன் என்று நினைத்துத்தான் அந்தப் பிள்ளை மூன்று காட்டியிருக்கிறான். இரண்டாம் முறை எனக்கு நன்றாகத் தெரியட்டும் என்று கையை உயர்த்தியிருக்கிறான். நான் தண்டனை கொடுத்திருக்கிறேன். அதன் பிறகு அந்த வருஷம் முழுக்க அவன் என்னிடம் வாயைத் திறக்கவில்லை. அவன் முகம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

அன்று மாலையே அந்தச் சமையல் உதவியாளர் அம்மாவிடம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். தலை முதல் கால் வரை, வீட்டுச் சாமான், ஆடு மாடு, செடி கொடி என்று 200 சொற்கள் போல எழுதிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த தெலுங்கெல்லாம் அவர் கொடுத்தது. ஓய்வு பெறும் வரை அந்த நோட்டு என் பையிலேயே இருந்தது.

இப்போது வகுப்பில் வாய் திறக்காததைப் பற்றி. புதிய மொழிக்குள் போகும் சிறு பிள்ளைகளில் பலர் முதலில் பேசாமல்தான் இருப்பார்கள். சிலருக்குச் சில வாரம், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். உள்ளே காது வேலை செய்துகொண்டிருக்கும். சும்மா இருக்கிறானா, கேட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறானா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டீச்சரிடம் சொல்லிவிட்டு ஒருநாள் காலை உணவு நேரத்தில் பள்ளிக்குப் போங்கள். அவன் கண்ணில் படாமல் ஒதுங்கி நில்லுங்கள். வரிசையில் நிற்கச் சொன்னால் நிற்கிறானா? தட்டு எடுத்து வா என்றால், மற்றப் பிள்ளைகள் நகர்வதற்கு முன்பே எடுக்கிறானா, அவர்களைப் பார்த்துவிட்டு எடுக்கிறானா? பாட்டுப் பாடும்போது உதடு அசைகிறதா? நான் பார்த்தவரை, இந்தப் பிள்ளைகளின் முதல் தமிழ் கரும்பலகைக்கு முன்னால் பிறப்பதில்லை. “இன்னும் கொஞ்சம் போடுங்க” என்று உப்புமாவுக்கு முன்னால் பிறக்கும். “நான்தான் ஃபஸ்ட்டு” என்று விளையாட்டில் பிறக்கும். உங்கள் மகனும் அங்கே ஏற்கெனவே பேச ஆரம்பித்திருக்கலாம்.

பக்கத்து வீட்டாரின் யோசனைக்கு வருகிறேன். வீட்டில் தெலுங்கை நிறுத்தாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஒரு பிள்ளை கதை கேட்பது, ஏன் எதற்கு என்று நோண்டிக் கேட்பது, நேற்று நடந்ததைக் கோர்வையாகச் சொல்வது எல்லாம் எந்த மொழியில் பழகினாலும் படிப்புக்குக் கைகொடுக்கும். நீங்கள் தெலுங்கை நிறுத்தினால் அவன் அவ்வாவிடம் எந்த மொழியில் பேசுவான்? பள்ளியில்தான் வாயடைத்துப் போயிருக்கிறான், வீட்டிலும் அடைக்க வேண்டுமா? அவனுக்குப் பேச்சு இத்தனை சரளமாக வந்திருக்கிறது என்றால் அதில் பாதிப் பங்கு உங்கள் மாமியாருடையது. ராத்திரி அவர் சொல்லும் கதையை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். கதை முடிந்ததும் மட்டும் நீங்கள், “அந்த நரியைத் தமிழில் என்னன்னு சொல்லுவாங்க தெரியுமா?” என்று ஒரு சொல்லை, ஒரே ஒரு சொல்லை, விளையாட்டாகக் கேளுங்கள். தெரியாவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். பரீட்சை மாதிரி ஆக்கிவிடாதீர்கள்.

எண்ணுவதும் அப்படித்தான். புளியங்கொட்டையை எடுத்து வைத்துத் தெலுங்கிலேயே எண்ணட்டும். ஏழு கொட்டையைத் தொட்டுத் தொட்டு ‘ஏடு’ என்று முடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஏழு என்றால் எவ்வளவு என்பது தெரிந்துவிட்டது. பெயரை மாற்றிச் சொல்லப் பழக்குவது சில நாள் வேலை.

எழுத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். அந்த அட்டையைக் கொஞ்ச நாளைக்குப் பரண் மேல் போடுங்கள். தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவாக உங்கள் வீட்டில் என்னென்ன சொல் இருக்கிறது என்று யோசியுங்கள். மாமா இரண்டிலும் மாமாதான். தாத்தா தாத்தாதான். அம்மா அம்மாதான். அக்கா, படம், பலப்பம் எல்லாம் காதில் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழும். பால் பாலு, கால் காலு, பல் பல்லு, மூக்கு முக்கு. இங்கே தொடங்கினால் அவன் சொல்லையும் எழுத்தையும் ஒரே நேரத்தில் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. சொல் ஏற்கெனவே வாயில் இருக்கிறது, அதன் உருவத்தை மட்டும் காட்டினால் போதும்.

‘அ’விலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஐந்து வயது விரலுக்கு ‘அ’ லேசான எழுத்தா என்ன? சுழிக்க வேண்டும், வளைக்க வேண்டும், குறுக்கே இழுக்க வேண்டும், கடைசியில் நேராக இறக்க வேண்டும். ‘ட’ இரண்டே கோடு, கீழே இறங்கி வலப்பக்கம் போனால் முடிந்தது. அதை மேலே ஏற்றினால் ‘ப’. ஏறிய கோட்டை உள்பக்கம் மடக்கி இறக்கினால் ‘ம’. இந்த மூன்றோடு ‘த’வையும் ஒரு துணைக்காலையும் மேலே ஒரு புள்ளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படம், பட்டம், மாமா, தாத்தா, பாதம் என்று சொற்கள் கிடைத்துவிடும். 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளைகளை மிரட்டுகிறோம். அதில் 216 உயிர்மெய். காலும் கொம்பும் சுழியும் எங்கே சேரும் என்று பிடிபட்டால் அதில் பெரும்பகுதி தானாக வந்துவிடும். கு, சு, டு, து என்று உகர ஊகார வரிசைதான் ஒவ்வொன்றும் ஒரு விதமாகப் போகும். அதற்கு அடுத்த வருஷம் வரை நேரம் இருக்கிறது.

எழுதுவதற்கு நோட்டு இப்போது வேண்டாம். உங்கள் வீட்டில் ராகி இருக்கும். ஒரு முறத்தில் இரண்டு கை ராகியைக் கொட்டிப் பரப்புங்கள். உங்கள் விரலால் பெரிதாக ‘ம’ போடுங்கள். ராகி பொடித் தானியம், அதனால் விரல் போன தடம் பளிச்சென்று தெரியும். அவன் விரலை அந்தத் தடத்தில் வைத்து ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டும்போது ‘ம்ம்ம்’ என்று ஒலியையும் சேர்த்து இழுக்கட்டும். பிறகு முறத்தை ஒரு குலுக்குக் குலுக்கினால் எழுத்து மறைந்துபோகும். பிள்ளைகளுக்கு இந்தக் குலுக்கல்தான் ரொம்பப் பிடிக்கும். தப்பாகப் போட்டாலும் அடித்துத் திருத்திய அடையாளம் எங்கேயும் மிச்சமிருக்காது. பத்து நிமிஷம், மிஞ்சினால் கால் மணி நேரம். அவனாகக் கேட்டால் இன்னும் கொஞ்சம். கொட்டாவி விட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். மாமா, தாத்தா வந்த பிறகு அவன் பெயரை எழுதிக் காட்டுங்கள். தன் பெயர் எழுத்தில் எப்படி இருக்கிறது என்று முதல்முறை பார்க்கும்போது ஒரு பிள்ளையின் முகம் எப்படி ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

பொதுச் சொற்கள் 15, 20 ஆன பிறகு அணிலுக்கு வரலாம். முற்றத்தில் நிஜ அணில் ஓடும்போது, “உடுத! தமிழில் இது அணில்” என்று சொல்லுங்கள். உடுத தப்பு, அணில்தான் சரி என்று சொல்லிவிடாதீர்கள். அதற்கு இரண்டு பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் மகனுக்கே வீட்டில் ஒரு செல்லப் பெயரும் பள்ளியில் ஒரு பெயரும் இருக்குமே, அதையே சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வான்.

போன் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் பழகட்டும் என்று போனில் பாட்டுப் போட்டுக் கையில் கொடுப்பது இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறது. போன் பாடும், ஆனால் பிள்ளை திருப்பிச் சொன்னால் கேட்டுப் பதில் சொல்லாது. அவனுக்கு இப்போது பதில் சொல்கிற ஆள் வேண்டும். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளோடு மாலையில் தெருவில் விளையாட விடுங்கள்.

அடித்தது உங்கள் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அவனை மடியில் உட்கார வைத்து, “கண்ணா, நீ சொன்னது சரிதான், அம்மாவுக்குத்தான் புரியல” என்று தெலுங்கிலேயே சொல்லுங்கள். நிஜமாகவே நடந்தது அதுதான். இதை அவன் உங்கள் வாயால் கேட்க வேண்டும். பலப்பத்தை ஒடித்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சரியான பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லியும் அடி விழுந்தால் பெரியவர்களுக்கே கையில் இருப்பதை வீசத் தோன்றும். அவன் விரலிலும் இன்னும் வலு வரவில்லை. தேய்ந்துபோன துண்டுப் பலப்பத்தை இறுக்கிப் பிடித்தால் விரல் நுனி வலிக்கும், நீளமானதாக வாங்கிக் கொடுங்கள். களி கிளறி இறக்கி, சூடு தணிந்த பிறகு ஒரு சின்ன உருண்டையை அவனையே உருட்டச் சொல்லுங்கள். சப்பாத்தி மாவு பிசையும்போது ஒரு பிடி கொடுங்கள். விரல் பழக இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

டீச்சரிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லாவற்றையும்விட இது முக்கியம். குறை சொல்லும் தொனியில் போகாதீர்கள். 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பதுதான் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்பை இரண்டு பேர் பங்குபோட்டுக்கொள்வார்கள். உங்கள் டீச்சரும் ஒரே அறையில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கலாம். அவர் வெளியூர்க்காரராகவும் இருக்கலாம். நான் 1989இல் இருந்த நிலையில்தான் அவர் இன்று இருக்கிறார். எனக்கு எழுதினீர்களே, அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். எதிரே தெலுங்குச் சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுங்கள். “இவன் உ என்று சொல்வது உடுதக்கு டீச்சர்” என்றால் அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும். பிறகு இரண்டு உதவி கேளுங்கள். ஒன்று, அவன் தெலுங்கில் சொன்னாலும் பதில் என்று எடுத்துக்கொண்டு, தமிழ்ச் சொல்லை அவர் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னொன்று, இரண்டு மொழியும் தெரிந்த ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையை அவன் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். பல வகுப்பு ஒன்றாக இருப்பதில் இப்படி ஒரு நன்மையும் இருக்கிறது. முடிந்தால் நீங்களே 100 சொல்லை ஒரு நோட்டில் எழுதி அவருக்குக் கொடுங்கள். எனக்கு அந்தச் சமையல் உதவியாளர் அம்மா செய்ததை நீங்கள் அவருக்குச் செய்யலாம்.

2022 ஜூன் முதல் அரசுப் பள்ளிகளில் ‘எண்ணும் எழுத்தும்’ என்று நடக்கிறதே, அது 8 வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் எழுதவும் படிக்கவும் கணக்குப் போடவும் வேண்டும் என்று வந்த திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். உங்கள் மகன் இப்போது அரும்பில் இருக்கிறான் என்றால் அதில் ஒரு குறைவும் இல்லை, அவன் வயதுக்கு அதுதான் இடம். அரசாங்கமே 8 வயது வரை நேரம் கொடுத்திருக்கும்போது ஐந்தரை வயதில் நாம் ஏன் அவசரப்பட வேண்டும்?

கொழுந்தனாரின் யோசனையை நான் ஏற்கவில்லை. அவர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் தமிழையாவது உங்கள் மகன் தெருவில், பஸ்ஸில், கடையில், உங்கள் வாயில் கேட்கிறான். ஆங்கிலத்தை வேனை விட்டு இறங்கினால் எங்கே கேட்பான்? அணிலை அங்கேயும் காட்டத்தான் போகிறார்கள், அவனுக்கு அது அங்கேயும் உடுததான். அதோடு காலையில் ஒரு வேன், மாலையில் ஒரு வேன். அவ்வா இல்லாத நீண்ட பகல். புரியாத மொழியில் எழுத்தை அழகாகப் பார்த்து எழுதும் பிள்ளை படிக்கிற மாதிரியே இருக்கும். நோட்டைப் பார்த்துப் பெற்றோரும் மகிழ்ந்து போவார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு பத்தியைப் படித்துப் பொருள் சொல்லச் சொன்னால்தான் உண்மை தெரியும். அப்படித் திரும்பி வந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலம் அவனுக்கு வேண்டும்தான். கேட்டுப் புரிந்துகொள்கிற ஒரு மொழியில் முதலில் வாசிக்கப் பழகட்டும், ஆங்கிலத்துக்கு அது ஏணி ஆகும்.

நம் மாவட்டத்தில் தெலுங்கு, கன்னடம், உருது வழியில் நடக்கும் அரசுப் பள்ளிகளும் பிரிவுகளும் உண்டு. முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று நான் சொன்ன அதே கல்வி உரிமைச் சட்டமும் சொல்கிறது. நடந்து போகிற தூரத்தில் அப்படி ஒன்று இருந்தால் அதுவும் நல்ல வழிதான். 2006இல் வந்த சட்டப்படி அங்கேயும் தமிழ் ஒரு பாடமாக இருக்கும். ஆனால் நான்கைந்து மாதம் ஒரு வகுப்பில் இருந்து காது பழகிவிட்ட பிள்ளையை வருஷத்தின் நடுவில் மாற்ற வேண்டாம் என்பது என் எண்ணம். நீங்கள் தமிழில் படித்தவர், வீட்டிலேயே அவனுக்குத் துணை இருக்கிறது.

ஒரு சோதனை மட்டும் செய்துவிடுங்கள், மனதுக்கு நிம்மதியாக இருக்கும். அவன் முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் நின்று மெல்லிய குரலில் கூப்பிடுங்கள். ஒரு காதை மூடி ஒருமுறை, மறுகாதை மூடி ஒருமுறை. திரும்பவில்லை என்றாலோ, காதில் சீழ் வடிந்தாலோ, அடிக்கடி சளி பிடித்துக் காது வலி என்றாலோ மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சிலேட்டை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கிறானா என்றும் கவனியுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது, உங்கள் பள்ளிக்கு எப்போது வருகிறது என்று டீச்சரிடம் கேளுங்கள். வீட்டில் அவன் தெலுங்கு பேசுவதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பேச்சில் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. வேறு யாராவது இதைப் படிப்பவர்கள் வீட்டில், வீட்டு மொழியிலும் ஐந்து வயதில் கோர்வையாக இரண்டு வாக்கியம் பேசாத பிள்ளை இருந்தால் காத்திருக்க வேண்டாம். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், அவரை உடனே பாருங்கள்.

இன்று சாயங்காலமே முறத்தை எடுத்துவிடுங்கள். முதலில் ‘ம’, பிறகு கால், பிறகு மாமா. அரையாண்டு விடுமுறைக்குள் அவன் தன் பெயரைப் போட்டுக் காட்டுவான் என்று நினைக்கிறேன். கொஞ்சம் தள்ளிப் போனாலும் கவலைப்படாதீர்கள். பொங்கல் கழிந்து எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். டீச்சர் என்ன சொன்னார், சாப்பாட்டு வரிசையில் என்ன பேசினான், முற்றத்து அணிலை இப்போது என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று எல்லாம் எழுதுங்கள். அவ்வா ராத்திரி சொல்லும் கதைகளில் ஒன்றையும் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள், என் நோட்டில் சேர்த்துக்கொள்கிறேன்.